27 பேரில் கடைசியாக எஞ்சியவர்: ஆந்தோர் லிலியென்டால்

1950ஆம் ஆண்டு சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, கிராண்ட்மாஸ்டர் என்ற பட்டத்தை முதன்முறையாக அதிகாரப்பூர்வமாக வழங்கியபோது, அந்தப் பட்டியலில் 27 பெயர்களே இருந்தன. ஆட்டத்தில் பெருஞ்சாதனை புரிந்து அப்போது உயிரோடிருந்தவர்களைத் தேர்ந்தெடுத்துத் தயாரித்த பட்டியல் அது. 1865இல் பிறந்த ஜாக் மீசெஸ், 1870இல் பிறந்த ஹங்கேரியின் கேசா மரோட்சி போன்ற முதியவர்களும், இருபதுகளில் இருந்த டேவிட் பிரான்ஸ்டீன், வாசிலி ஸ்மிஸ்லோவ் போன்ற இளைஞர்களும் அதில் அருகருகே இடம்பெற்றனர். பட்டம் பெற்ற மறு ஆண்டே மரோட்சி காலமானார். பிறகு ஒவ்வொருவராக மறைந்தனர். 2010ஆம் ஆண்டு மே மாதம் வரை எஞ்சியிருந்த ஒரே பெயர் ஆந்தோர் லிலியென்டால். தமது 99ஆவது பிறந்தநாளைக் கடந்து மூன்றே நாளில், மே 8 அன்று, அவர் புடாபெஸ்டில் இறந்தபோது அந்த முதல் பட்டியலே வரலாறாகிவிட்டது.

லிலியென்டால் என்றதும் சதுரங்கம் அறிந்தவர்கள் ஒரேயொரு நகர்வைத்தான் சொல்வார்கள். அந்த நகர்வின் பெருமையில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனாலும் அவரது வாழ்க்கையை அந்த ஒற்றை நகர்வுக்குள் அடக்கிவிடுவது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அவர் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பதை விட, எப்படி அவ்வளவு காலம் வாழ முடிந்தது என்ற கேள்வியே முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். அதற்கான விடையின் ஒரு பகுதி 1935ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடந்த ஒரு போட்டியில் இருக்கிறது. இன்னொரு பகுதி, முன்வரிசையை விட்டு விலகி மற்றவர்களின் வெற்றிக்குப் பின்னால் நிற்க அவருக்கு இருந்த மனத்தில் இருக்கிறது.

அவர் பிறந்ததும் மாஸ்கோவில்தான். 1911 மே 5 அன்று, அங்கு வாழ்ந்த ஹங்கேரிய யூதப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். இரண்டு வயதில் குடும்பம் ஹங்கேரிக்குத் திரும்பியது. அவர் வளர்ந்த புடாபெஸ்ட், சதுரங்கத்தில் செழித்திருந்த நகரம். நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாடுகளில், 1927இல் லண்டனில் நடந்த முதல் ஒலிம்பியாடிலும் 1928இல் ஹேக் நகரில் நடந்த அடுத்த ஒலிம்பியாடிலும் தங்கம் வென்றது ஹங்கேரிய அணியே. நகரத்தின் காபிக்கடைகளில் சதுரங்கப் பலகைகள் இல்லாத மேசைகளைக் காண்பது அரிது. ஒரு கோப்பைக் காபிக்கு மணிக்கணக்கில் இடம் கிடைக்கும், பணம் வைத்து ஆடுவோரும் உண்டு, அங்கே ஆடியே வயிறு கழுவியவர்களும் உண்டு. கையில் காசில்லாத ஓர் இளைஞனுக்கு அதுவே பள்ளிக்கூடம். லிலியென்டாலும் அந்த வழியில் வந்தவரே. இருபது வயதை ஒட்டி வியன்னா, பெர்லின், பாரிஸ் என்று ஊர் ஊராகச் சென்று அங்கிருந்த காபிக்கடைப் பலகைகளில் ஆடினார். விரைவாகக் கணக்கிடும் திறனும், எதிராளி எதிர்பாராத இடத்தில் பலி கொடுக்கத் துணியும் குணமும் அங்கே கூர்மையடைந்திருக்க வேண்டும், ஏனென்றால் காபிக்கடை ஆட்டத்தில் யோசிப்பதற்கு நேரமும் கிடையாது, தோற்றால் காசும் கிடையாது.

அவரது முதல் பெரிய அறிமுகம் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போட்டி. கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் ஒட்டி அந்தக் கடற்கரை ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் இந்தப் போட்டியில், 1933-34ஆம் ஆண்டில் சலோ ஃப்ளோர் முதலிடம் பெற, அன்றைய உலகச் சாம்பியன் அலெக்சாண்டர் அலெகினுடன் லிலியென்டால் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 22. அதே காலத்தில் ஹங்கேரிய அணிக்காக ஃபோக்ஸ்டோன் (1933), வார்சா (1935) ஒலிம்பியாடுகளில் ஆடி, தமது பலகைகளில் மிகச் சிறந்த முடிவுகளைக் கொண்டுவந்தார். வார்சாவில் இரண்டாம் பலகையில், அதாவது அணியின் இரண்டாம் ஆட்டக்காரராக, 19 ஆட்டங்களில் 15 புள்ளிகள் எடுத்தார்.

ஆனால் அவரை என்றென்றைக்கும் நினைவில் நிறுத்தியது அதற்கடுத்த ஹேஸ்டிங்ஸ். 1934-35 போட்டியில் அவர் எதிர்கொண்டவர் கியூபாவின் ஹோசே ரவூல் கபாபிளாங்கா. 46 வயதான அந்த முன்னாள் உலகச் சாம்பியன் எளிதில் தோற்கிறவர் அல்லர். எட்டு ஆண்டுகள், 1916 முதல் 1924 வரை, ஒரு போட்டி ஆட்டத்தில்கூடத் தோற்காமல் இருந்தவர் என்றால் அவரது உறுதியைப் புரிந்துகொள்ளலாம். இந்த ஆட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

லிலியென்டாலுக்கு வெள்ளைக் காய்கள். திறப்பு நிம்சோ-இந்தியன் தற்காப்பில், சேமிஷ் வகை. வெள்ளையின் ஓரச் சிப்பாய் முன்னேறி, கறுப்பின் பிஷப்பைக் குதிரையோடு மாற்றிக்கொள்ளும்படி கட்டாயப்படுத்துகிறது. இதனால் வெள்ளைக்குச் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்கும் குறை வரும், பதிலுக்கு நடுக்களத்தில் விரிந்து பரவும் வாய்ப்பு கிடைக்கும். இந்த வகைக்குப் பெயர் தந்த ஃப்ரிட்ஸ் சேமிஷும் பின்னாளில் அதே 27 பேரில் ஒருவர் என்பதை இங்கே குறிப்பிட்டுச் செல்லலாம்.

கபாபிளாங்கா வழக்கம்போல எதிராளியின் பலவீனமான சிப்பாய்களைக் குறிவைத்தார். ராணியை வெளியே கொண்டுவந்து ஒவ்வொரு புள்ளியாக அழுத்தினார். ஆனால் ஒரு காரியத்தை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்: கோட்டை கட்டவில்லை. வெள்ளை ராஜா 15ஆவது நகர்விலேயே பத்திரமாக ஓரத்துக்குப் போய்விட்டது, கறுப்பு ராஜாவோ பலகையின் நடுவில் தன் வீட்டுக் கட்டத்திலேயே நின்றது. பலகையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர் உண்டு. 19ஆவது நகர்வில் வெள்ளைச் சிப்பாய் இ5 கட்டத்தில் வந்து நின்று, எஃப்6 கட்டத்தில் இருந்த கறுப்புக் குதிரையை மிரட்டியது. கபாபிளாங்காவின் பதில் அமைதியானது. தம் ராணியால் இ4 சிப்பாயை எடுத்தார். இப்போது இரு ராணிகளும் ஒன்றையொன்று மூலைவாட்டில் பார்த்து நின்றன. வெள்ளை ராணி கறுப்பு ராணியை எடுத்தால், மிரட்டப்பட்டிருந்த அதே குதிரை வந்து திருப்பி எடுத்துக்கொள்ளும், சிக்கல் எல்லாம் தீர்ந்துவிடும். பலகையைப் பார்க்கும் எவருக்கும் ராணி மாற்றம் தவிர்க்க முடியாதது என்றே தோன்றும்.

லிலியென்டால் ராணியைத் தொடவே இல்லை. இ5 சிப்பாயால் எஃப்6 குதிரையை எடுத்தார். ராணி எதிராளியின் கைக்கு எட்டும் தூரத்தில், எந்தக் காவலும் இல்லாமல் நின்றது.

கபாபிளாங்கா ராணியை எடுத்துக்கொண்டார். சிப்பாய் இன்னொரு கட்டம் பாய்ந்து ஜி7இல் ஒரு சிப்பாயை வீழ்த்தி, மூலையில் இருந்த யானையை மிரட்டியது. யானை ஒதுங்கியது. அடுத்து இ2இல் இருந்த குதிரை டி4க்குத் தாவியது. இந்த ஒரு தாவலில் இரண்டு வேலைகள் நடந்தன. குதிரை கறுப்பு ராணியைத் தாக்கியது. அதே நேரத்தில் அது இருந்த கட்டம் காலியானதால், நடுவில் நின்ற ராஜாவை நோக்கி இ வரிசை முழுவதும் திறந்துகொண்டது, அந்த வரிசையில் வெள்ளை யானைகள் இறங்கக் காத்திருந்தன. ராஜாவைக் காக்கக் கறுப்பு ராணி இ4க்கு ஓடிவந்து குறுக்கே நிற்க வேண்டியதாயிற்று. யானை இ1க்கு வந்ததும் அந்த ராணி ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு அசைய முடியாமல் போனது. ராணியை யானை எடுத்தது, அந்த யானையைக் கறுப்புக் குதிரை எடுத்தது. உடனே இன்னொரு யானை இ1க்கு வந்தது, இம்முறை கட்டுண்டது அந்தக் குதிரை. 26ஆவது நகர்வில் அதையும் எடுத்தபோது கபாபிளாங்கா ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அப்போது கறுப்பிடம் இரண்டு யானைகள், வெள்ளையிடம் ஒரு யானையோடு பிஷப்பும் குதிரையும். சிப்பாய்கள் இருபுறமும் ஐந்தைந்து.

இந்தப் பலியின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. ராணியைக் கொடுத்து ராஜாவை விரட்டிப் பிடித்து வீழ்த்தும் பலிகள் பல உண்டு. இங்கே ராஜா பிடிபடவே இல்லை. கொடுத்த ராணிக்கு விலையாக எதிராளியின் ராணியை நான்கே நகர்வுகள் கழித்துத் திரும்ப வாங்கி, அந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு காயை லாபமாக எடுத்துக்கொண்டார். கபாபிளாங்காவின் தவறு பெரிய தவறும் அல்ல. நடுவில் நின்ற ராஜாவுக்கு முன்னால் வரிசை திறக்கக்கூடும் என்ற ஆபத்தை, ராணிகள் எப்படியும் மாறிவிடும் என்ற நம்பிக்கையால் அவர் கவனிக்காமல் விட்டார். இந்த ஆட்டம் ஒருபுறம் இருக்க, அந்தப் போட்டியின் மொத்தக் கணக்கில் லிலியென்டால் சாம்பியன் அல்லர். முதலிடத்தை ஜார்ஜ் தாமஸ், மாக்ஸ் யூவே, ஃப்ளோர் ஆகிய மூவர் பகிர்ந்தனர், கபாபிளாங்கா நான்காவது, லிலியென்டாலும் சோவியத் ரஷ்யாவிலிருந்து வந்த மிகைல் பாட்வினிக்கும் அடுத்த இடத்தில். லிலியென்டாலும் பாட்வினிக்கும் 1911இல் பிறந்த ஒரே வயதினர். இருவரின் பாதைகளும் பின்னர் பலமுறை குறுக்கிட்டன.

இந்த வெற்றிக்குச் சில வாரங்களில், 1935ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், மாஸ்கோ சர்வதேசப் போட்டி நடந்தது. சோவியத் சதுரங்கத்தின் தலைவராக இருந்த நிக்கோலாய் கிரைலென்கோ ஏற்பாடு செய்த அந்தப் போட்டிக்கு முன்னாள் உலகச் சாம்பியன்களான லாஸ்கர், கபாபிளாங்கா உள்ளிட்ட பெரியவர்களோடு லிலியென்டாலும் அழைக்கப்பட்டார். பாட்வினிக்கும் ஃப்ளோரும் முதலிடத்தைப் பகிர, 66 வயது லாஸ்கர் மூன்றாவதாக வந்து உலகை வியக்க வைத்த போட்டி அது. லிலியென்டாலுக்கு அதில் குறிப்பிடத்தக்க வெற்றி எதுவும் இல்லை. ஆனால் அவர் பிறந்த நகரத்துக்குத் திரும்பியவர், அங்கேயே தங்கிவிட்டார். மறு ஆண்டு மாஸ்கோவில் நடந்த இன்னொரு சர்வதேசப் போட்டியில் கபாபிளாங்கா, பாட்வினிக், ஃப்ளோர் ஆகியோருக்கு அடுத்து நான்காம் இடம் பெற்றார். 1939இல் சோவியத் குடிமகன் ஆனார்.

சோவியத் ஒன்றியம் அப்போது ஃபிடேயில் சேராதிருந்ததால், மாஸ்கோவில் வாழ்ந்தபடியே 1937இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பியாடில் ஹங்கேரிக்காக முதல் பலகையில் ஆடினார். அமெரிக்காவுக்கு அடுத்து ஹங்கேரி வெள்ளி வென்றது. அந்த அணியின் ஐந்து பேரையும் இங்கே பெயர் சொல்லி நினைவுகூர வேண்டும் என்று விரும்புகிறேன்: லிலியென்டால், லாஸ்லோ சாபோ, எந்த்ரே ஷ்டைனர், கோர்னெல் ஹவாஷி, ஆர்பாத் வாய்தா. போர் வந்தது. 1944 மே நடுப்பகுதி முதல் ஜூலைத் தொடக்கம் வரை, இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்தில், ஹங்கேரியிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ரயில்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர், பெரும்பாலோர் ஆஷ்விட்சுக்கு. யூத ஆண்கள் பலர் கட்டாய உழைப்புப் படைகளில் சேர்க்கப்பட்டனர். ஷ்டைனர் 1944இல் முகாமில் இறந்தார். ஹவாஷி 1945 ஜனவரியில் ஆஸ்திரிய எல்லைப் பகுதியில், அதேபோன்ற சூழலில் உயிரிழந்தார். சாபோவும் கட்டாய உழைப்புப் படையில் சிக்கி, பிறகு சோவியத் படைகளிடம் போர்க்கைதியாகி, உயிர் தப்பினார். ஐந்து பேர் அணியில் இருவரை இழந்த வெள்ளிப் பதக்கம் அது.

லிலியென்டால் 1935இல் புடாபெஸ்டுக்குத் திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவரைப் போன்ற ஒரு யூத இளைஞனுக்கு முன்னால் இருந்த வாய்ப்புகள் எவை என்பதை ஷ்டைனரின் முடிவும் ஹவாஷியின் முடிவும் சொல்கின்றன. அதற்காக மாஸ்கோவைப் பத்திரமான இடம் என்றும் நினைத்துவிடக் கூடாது. அந்த 1935, 1936 போட்டிகளை நடத்திய கிரைலென்கோவே 1938இல் ஸ்டாலினின் களையெடுப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பக்கமும் நெருப்பு எரிந்த காலத்தில், ஒரு போட்டி அழைப்பு அவரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தியது. அந்தப் பக்கத்திலும் அவர் தப்பினார்.

அவரது ஆட்ட வாழ்வின் உச்சம் 1940. மாஸ்கோவில் நடந்த 12ஆவது சோவியத் சாம்பியன் போட்டியில் 20 பேர் ஆடினர். ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் 13.5 புள்ளிகள் எடுத்த லிலியென்டால், இகோர் பொந்தாரெவ்ஸ்கியுடன் முதலிடத்தைப் பகிர்ந்தார். ஸ்மிஸ்லோவ் மூன்றாவது, பால் கேரஸ் நான்காவது, பாட்வினிக்கும் பொலெஸ்லாவ்ஸ்கியும் அதற்கும் பின்னால். உலகிலேயே வலுவான தேசியப் போட்டியில் கிடைத்த முடிவு இது. ராணிப் பலியைவிட இதுவே லிலியென்டாலின் ஆகப் பெரிய சாதனை என்பது என் கருத்து. ஓர் ஆட்டத்தில் ஒரு பிரகாசமான நகர்வைக் காண்பது ஒரு நாளின் அருள். 19 சுற்றுகள் தோல்வியின்றி இந்தக் கூட்டத்தில் நிற்பது முழு வளர்ச்சி பெற்ற ஆட்டக்காரனின் வேலை.

சாம்பியன் பட்டத்தைத் தீர்மானிக்க இருவருக்கும் இடையே ஒரு நேரடி மோதல் நடத்தியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. உலகப் பட்டத்துக்கு அலெகினைச் சவாலுக்கு அழைக்கத் தகுதியானவர் யார் என்ற கேள்வி சோவியத் சதுரங்க நிர்வாகத்தின் முன்னால் இருந்தது, பாட்வினிக் எழுதிய கடிதமும் அதில் பங்கு வகித்தது. 1940 போட்டியில் முன்னணியில் வந்த அந்த ஆறு பேரையும் ஒவ்வொருவரோடும் நான்கு முறை மோதவைக்கும் ‘முழுமைச் சாம்பியன்’ போட்டி 1941இல் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் நடத்தப்பட்டது. பாட்வினிக் 13.5 புள்ளிகளுடன் தெளிவாக வென்றார். 1940இல் முதலிடம் பிடித்த இருவரும் கடைசி இரண்டு இடங்களில் நின்றனர்: லிலியென்டால் 8.5, பொந்தாரெவ்ஸ்கி 8. இந்த ஏற்பாடு பாட்வினிக்குக்குச் சாதகமாக அமைந்தது என்று குறைகூறுவோர் உண்டு. குறை நியாயமானது, ஆனால் பலகையின் தீர்ப்பும் தெளிவானது. நீண்ட மோதல்களில் தயாரிப்பும் தேக வலிமையும் சேர்ந்த பாட்வினிக்கின் முறைக்கு ஈடுகொடுக்கும் ஆட்டம் லிலியென்டாலுடையது அல்ல.

போருக்குப் பிறகு அவர் மீண்டும் ஒருமுறை உலகப் பட்டத்தின் வாசல் வரை வந்தார். 1948இல் ஸ்வீடனின் சால்ட்ஷோபாடனில் நடந்த முதல் இன்டர்சோனல் என்ற தகுதிச்சுற்றுப் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்று, உலகச் சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் 1950 கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றார். அது நடந்த இடம், விதி செய்த ஏற்பாடுபோல, புடாபெஸ்ட். வளர்ந்த நகரத்தில் சோவியத் வீரராக ஆடிய லிலியென்டால் பத்துப் பேரில் கடைசி மூவரில் ஒருவரானார், அதே நிலையில் இருந்த இன்னொருவர் 1937 அணித் தோழர் சாபோ. அதே ஆண்டில்தான் இருவருக்கும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைத்தது.

இதற்குப் பிறகு அவர் செய்த பணியைப் பற்றிச் சதுரங்க நூல்கள் குறைவாகவே பேசுகின்றன. 1951 முதல் 1960 வரை டிக்ரான் பெட்ரோசியானுக்குப் பயிற்சியாளராக இருந்தார். திபிலிசியில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்த பெட்ரோசியான், அந்த ஆண்டுகளில்தான் கிராண்ட்மாஸ்டராகவும், 1959இல் சோவியத் சாம்பியனாகவும் உயர்ந்தார். 1963இல் பாட்வினிக்கை வென்று உலகச் சாம்பியன் ஆனபோது அவருடன் இருந்தவர் வேறொரு பயிற்சியாளர், பொலெஸ்லாவ்ஸ்கி. ஆனால் அடித்தளம் போட்டவர்களில் லிலியென்டால் ஒருவர். ஸ்மிஸ்லோவ் பாட்வினிக்கோடு உலகப் பட்டத்துக்காக மோதியபோதும் அவருக்கு உதவியாளராக இருந்தார். பலியையும் தாக்குதலையும் விரும்பிய ஓர் ஆட்டக்காரர், எதிராளியின் திட்டத்தை முளையிலேயே தடுப்பதில் பேர்பெற்ற பெட்ரோசியானோடு பத்தாண்டுகள் இசைந்து வேலை செய்திருக்கிறார். தம் பாணியைச் சீடன்மீது திணிக்காத பயிற்சியாளர்கள் எல்லாக் காலத்திலும் குறைவு. அந்தப் பண்பை நான் மதிக்கிறேன்.

1965இல் போட்டிகளிலிருந்து விலகினார். 1976இல், 65 வயதில், ஹங்கேரிக்குத் திரும்பினார். அவர் திரும்பிய புடாபெஸ்ட் மீண்டும் சதுரங்கத்தில் எழுச்சி கண்டுகொண்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1978 பியூனஸ் அயர்ஸ் ஒலிம்பியாடில், லாயோஷ் போர்திஷ் தலைமையிலான ஹங்கேரி சோவியத் ஒன்றியத்தைப் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வென்றது. 1988இல் போல்கார் சகோதரிகள் இடம்பெற்ற பெண்கள் அணி தெசலோனிகியில் அதையே செய்தது. 2024இல் இந்திய அணிகள் இரண்டும் தங்கம் வென்ற ஒலிம்பியாடு நடந்ததும் இதே புடாபெஸ்டில்தான், அப்போது லிலியென்டால் மறைந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அமெரிக்காவின் முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர், 1992இல் யூகோஸ்லாவியாவின் ஸ்வேதி ஸ்தெஃபானில் தம் பழைய எதிராளி ஸ்பாஸ்கியுடன் மீண்டும் மோதிய பிறகு புடாபெஸ்டில் தங்கினார். அந்த ஆண்டுகளில் அவர் நெருங்கிப் பழகியவர்களில் லிலியென்டாலும் ஒருவர். முதல்முறை சந்தித்தபோது ஃபிஷர் வணக்கத்துக்குப் பதிலாக ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தின் அந்த நகர்வைத்தான் சொன்னார் என்று சதுரங்க வட்டாரத்தில் சொல்வதுண்டு: இ5 சிப்பாய், எஃப்6. ஃபிஷர் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஆடப்பட்ட நகர்வு அது.

2010 மார்ச் 27 அன்று ஸ்மிஸ்லோவ் மாஸ்கோவில் இறந்தார். 1940இல் அரைப் புள்ளி பின்தங்கி மூன்றாவதாக வந்தவர், பிறகு லிலியென்டால் உதவியாளராக நின்ற உலகச் சாம்பியன், 27 பேரில் எஞ்சியிருந்த இருவரில் ஒருவர். அதன் பிறகு ஆறு வாரங்கள் அந்தப் பட்டியலில் லிலியென்டால் மட்டுமே இருந்தார். அவருக்குப் பின் உலகின் மிக மூத்த கிராண்ட்மாஸ்டர் என்ற இடம், பட்டியல் வெளிவந்த இரண்டாண்டுகள் கழித்து, 1952இல், பட்டம் பெற்ற யூரி அவெர்பாக்குக்குச் சென்றது. அவர் நூறு வயதைத் தொட்டார்.